தூத்துக்குடியில் தூரக்கண்ணாடி வாங்கிய விதம்

1947 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை என்று தேதியிட்டு நண்பர் இராசரத்தினம் எனக்கு எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது: "தூத்துக்குடியில் கப்பல்காரர்கள் கழித்துவிட்ட பைனாகுலர்கள் விலைக்கு வருகின்றனவாம். நம் நால்வருக்கும் பொதுவாக ஒன்று வாங்கி வரவும். எது நல்லது என்று எங்களைக் கேட்க வேண்டாம். நாங்கள் மூவரும் படித்ததைக் கூட்டினாலும், இந்த விஷயத்தில் நீர் படித்ததில் கால்வாசி வராது."

இராசரத்தினம் கொழும்பில் என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். நேரில் சொன்னால் மறுத்துவிடுவேன் என்று கடிதமாக எழுதினார். நாங்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் களப்புக் கரைக்கு, அதாவது காயல் கரைக்கு, போய்ப் பறவை பார்ப்பவர்கள். பார்ப்பவர்கள் என்பதைவிட, தூரத்தில் தெரிவது என்ன பறவை என்று சண்டை போடுபவர்கள் என்பதே சரி. கடிதத்தின் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. புறப்பட்டுவிட்டேன்.

தூத்துக்குடியில் இறங்கியது பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. விபூதிப் புதன் கழிந்து இரண்டாம் நாள். கத்தோலிக்கர்களுக்கு நோன்பும் நேர்த்தியுமான தவசுக் காலம். தங்கிய விடுதிக்கு எதிரே இருந்த காப்பிக் கிளப்பில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு என்று கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். கொழும்பிலும் எங்களுக்குக் கூப்பன் வாழ்க்கைதான். ஆனால் அங்கே தட்டுப்பாடு வந்தால் தேநீர் மட்டமாகும், இங்கே காப்பி உயர்ந்துவிட்டது. இரண்டு டம்ளர் குடித்தேன். குடிதண்ணீர்தான் லேசாகக் கரித்தது. பரிமாறியவரிடம் சொன்னேன். "ரெண்டு நாள் குடிங்க சார், பொறவு உங்க ஊர்த் தண்ணி சப்புன்னு இருக்கும்" என்றார்.

சாயங்காலம் கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்துக்கு நடந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இங்கே ஆழம் போதாததால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கின்றன. தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக் கொண்டுவருகின்றன. பாலத்தின் முனையில் இரண்டு வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரிகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "ஏழு வருஷமாக இந்தத் துறைக்கு வருகிறேன். என் கப்பலும் இந்த ஊரும் ஒன்றை ஒன்று இன்னும் பார்த்ததில்லை." இப்படிப்பட்ட ஊரில் தூரக்கண்ணாடி விற்காமல் வேறு எங்கே விற்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கப்பல் சாமான் விற்பவர் செல்லத்துரை அண்ணாச்சி என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் போனால் கடையில் ஒரு கணக்குப்பிள்ளைதான் இருந்தார். "அண்ணாச்சி இன்னைக்குத் திருச்செந்தூர் போறாக. ராத்திரிதான் வருவாக." ஒரு பகலைச் சும்மா கழிக்க மனமில்லை. திருச்செந்தூரிலேயே அவரைப் பிடித்துவிடலாம், கோயிலையும் பார்த்ததாகும் என்று நானும் பஸ் ஏறினேன்.

கரி வாயுவில் ஓடும் பஸ். யுத்தம் முடிந்தும் அந்த இரும்பு உலையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறது. ஆறுமுகநேரி உப்பளங்களுக்குச் சற்று முன்பாக இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கிளீனர் இறங்கி உலையைக் கிளறினார். டிரைவர் எங்களைப் பார்த்தார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எனக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த பருத்த மனிதர் திரும்பிப் பார்த்து, "ஏவே, கையை வச்சுத் தள்ளும்வே. மாட்டைத் தடவுத மாதிரி தடவிக்கிட்டு வாரீரு" என்றார்.

நான் அழுத்தித் தள்ளினேன். பஸ் அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது எங்கே போகிறேன் என்று கேட்டார்.

"செல்லத்துரை அண்ணாச்சி என்று ஒருவரைப் பார்க்க. பைனாகுலர் வாங்க வேண்டும். ஆனால் ஆள் கொஞ்சம் அப்படி இப்படி என்று விடுதியில் சொன்னார்கள்."

"அப்படியா? அப்படி இப்படின்னா எப்படி?"

"ஏமாற்றிவிடுவாராம்."

"ஊரை ஏமாத்துதவன் காரு வாங்கிப் போவானா, இப்படி வேகாத வெயில்ல பஸ்ஸத் தள்ளிக்கிட்டு நிப்பானா? நாந்தாம்வே செல்லத்துரை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பஸ் நகர்ந்தது என்றே சொல்ல வேண்டும். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ திருச்செந்தூர் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பனங்கிழங்கை நார் உரித்து ஒடித்து ஒடித்து என் கையில் கொடுத்துக்கொண்டு வந்தார். திரும்பும்போதும் அப்படியே. இந்தப் பயணத்தில் நான் வெட்கப்பட்ட முதல் இடம் இது. இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மூன்று பைனாகுலர்களை எடுத்துவைத்தார். எட்டு முப்பது என்று எழுதிய சிறியது ஒன்று. ஏழு ஐம்பது, கறுப்பு, கனமானது. பன்னிரண்டு ஐம்பது, நீளமாகப் பித்தளை மின்னியது. தெரியாதவர்களுக்காக: முதல் எண் பொருளை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் குறுக்களவு, மில்லிமீட்டரில். முன்கண்ணாடி பெரிதாக இருந்து மடங்கு சிறிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அத்தனை மடங்கு கூடும். தெரிகிற வட்டமும் சுருங்கும். இதெல்லாம் நான் படித்திருந்தேன். படித்தது சரிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலுக்கு வந்து மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி, பிறகு இரண்டையும் திறந்து. எட்டு முப்பதில் ஒரு சிலுவை இரண்டாகத் தெரிந்தது. எங்கோ விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்க வேண்டும். அதைத் தள்ளிவைத்தேன். மற்ற இரண்டையும் வானத்துக்குப் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். காதருகில் வைத்துக் குலுக்கினேன். இரண்டும் சுத்தம்.

"ஏழு போதும்" என்றேன்.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் சொல்லுதீய? பன்னெண்டு பெருசா, ஏழு பெருசா?"

நான் விளக்கினேன். வட்டம், நடுக்கம், வெளிச்சம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க வாத்தியாரா?" என்றார். இல்லை, ஒரு கம்பெனியில் எழுத்து வேலை என்றேன். "நெனைச்சேன். வாத்தியார்னா இவ்வளவு பேச மாட்டாக" என்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சங்கு குளிக்கப் போகும் வள்ளங்கள் தினம் பிற்பகலில் கரைக்குத் திரும்பும். அவற்றை வைத்து இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடலாம். "இன்னைக்கு ஞாயித்துக்கிழம, ஒருத்தனும் கடல்ல எறங்க மாட்டான். நாளைக்குப் போவோம்."

திங்கட்கிழமை, 24ஆம் தேதி, வெயில் சாயத் தொடங்கும் வேளையில் கரைக்குப் போனோம். முத்துக் குளிப்பு இந்தக் கடலில் பல வருஷங்களாக இல்லை. சிப்பி விளையவில்லை என்கிறார்கள். சங்குதான் இப்போது குளியாளிகளுக்குச் சோறு. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குளியாளி இறங்குவான். அவன் இடுப்புக் கயிற்றை மேலே ஒருவன் பிடித்திருப்பான். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மச்சினன்தான் பிடிப்பான் என்று அண்ணாச்சி வழியில் சொன்னார். அதாவது குளியாளியின் பெண்டாட்டியோடு பிறந்தவன். ஏன் என்று கேட்டேன். "அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா? வேற எவன் அவ்வளவு கவனமாப் பிடிப்பான்?" என்றார்.

கரையில் பெண்கள் கஞ்சிக் கலயங்களோடு காத்திருந்தார்கள். என் கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பைனாகுலர்களைப் பார்த்ததும் கேலி தொடங்கியது.

"ஏளா, ரெண்டு கண்ணு பத்தலன்னு நாலு கண்ணு மாட்டிக்கிட்டு வந்திருக்காரு பாரு."

"சார், அதுல பாத்தா பரலோகம் தெரியுமா?"

"பரலோகம் வேண்டாம், எம்மாமியார் எங்கன நிக்கான்னு பாத்துச் சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் போவல."

நானும் சிரித்தேன். வள்ளங்கள் கடற்காற்றில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி சொன்னபடி பன்னிரண்டை முதலில் எடுத்தேன். "என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார்கள். ஒரு வள்ளத்தில் பாய்மரத்தைப் பிடித்து நின்றவர் முதுகு சொறிவதைச் சொன்னேன். "அது எங்க வீட்டு ஆளு, சொறிஞ்சுக்கிட்டேதான் வரும்" என்று ஒருத்தி கூவினாள். இன்னொன்றில் ஒருவர் வெற்றிலை போடுவதைச் சொன்னேன். பெண்கள் அடையாளம் சொல்லிக் கைகொட்டினார்கள். படித்த எதுவும் எனக்கு இத்தனை சந்தோஷமான சபையைத் தந்ததில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்ற ஒருத்தி அருகில் வந்தாள். முப்பது வயது இருக்கும். அண்ணாச்சி, "ரெஜினா, உனக்கும் பாக்கணுமா?" என்றார்.

"அந்தா, ஒட்டுப்போட்ட பாயி. எங்க வள்ளம் அதுதான். கடைசிப் பலகையில எங்க வீட்டு ஆளு இருக்கும். பக்கத்துல எந்தம்பி தொம்மை, கயிறு பிடிக்கவன். பாத்துச் சொல்லுங்க சார்."

பார்த்தேன். வட்டம் ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பலகையைக் கண்டுபிடித்தேன். ஒரு இளைஞன் மடியில் கயிற்றுச் சுருளோடு தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இடம் காலி.

"உங்கள் தம்பி இருக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லை" என்றேன்.

பிறகுதான் கவனித்தேன், கரையில் சிரிப்பு நின்றிருந்தது. பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தவள், "வாயை மூடுங்க சார், வள்ளம் மணல்ல ஏறட்டும்" என்றாள். அண்ணாச்சி என் தோளைத் தொட்டார். வள்ளம் தரை தட்டும்வரை யாருடைய ஆளைப் பற்றியும் கரையில் நின்று ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். சற்று முன் அவர்கள் என்னோடு விளையாடியது, எல்லோரும் இருக்கிறார்கள் என்றே நான் சொல்லிக்கொண்டிருந்ததால்.

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் ரெஜினா.

என் கழுத்தில் ஏழு தொங்கிக்கொண்டிருந்தது. முழு வள்ளத்தையும் ஒரே வட்டத்தில் காட்டக்கூடியது அது என்று முந்தைய நாள்தான் அண்ணாச்சிக்குப் பாடம் நடத்தியிருந்தேன். அதை எடுக்கவில்லை. ஆடுகிற சின்ன வட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணில் பட்ட தலைகளைப் பார்த்துவிட்டு, நல்ல தெளிவான குரலில் சொன்னேன்: "இல்லை அம்மா. அவர் வள்ளத்தில் இல்லை."

அவள் கலயத்தை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பளவு ஆழத்தில் அலை அவளைத் தள்ளியது. வள்ளம் பாயை இறக்கிக்கொண்டு கரையை நெருங்கியிருந்தது. அவள் கத்தினாள்.

"ஏலே தொம்மை! கயித்த விட்டுட்டியாலே? குடிச்சிட்டுத்தான பிடிச்ச? அன்னைக்கே சொன்னேன், இவன் கையில குடுக்காதீயன்னு சொன்னேன்! எந்தாலிய அறுத்துட்டு எந்த மூஞ்சியோட கரைக்கு வாரே?"

அப்போதுதான் ஏழு ஐம்பதை எடுத்துக் கண்ணில் வைத்தேன். வள்ளம் முழுவதும் அசையாமல் தெரிந்தது. இறக்கிய பாயின் விளிம்புக்கு அடியில், சங்குக் குவியலை ஒட்டி, நீட்டிப் படுத்திருந்த ஒருவனின் இரண்டு கால்கள். ஒரு கால் மற்றதைச் சொறிந்தது.

"இருக்கிறார்! படுத்திருக்கிறார்!" என்று கத்தினேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் கண்ணாடியை இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. அந்த வட்டத்தின் நடுவில் தொம்மையின் முகம் இருந்தது. அக்காள் சொன்னது அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. நல்ல கண்ணாடி. முகத்தில் உப்பு காய்ந்திருந்தது கூடத் தெரிந்தது. முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு கீழே படுத்திருந்தவனை ஒருமுறை பார்த்தான். பிறகு மறுபடி அக்காளை. ஒரு மனிதனுடைய முகத்தை அவன் அறியாமல் அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை; பார்த்திருக்கவும் கூடாது.

படுத்திருந்த ரெஜினாவின் கணவன் சவரிமுத்து எழுந்து உட்கார்ந்தான். ஆழத்தில் காது அடைத்து ரத்தம் கசிந்ததால் தொம்மைதான் அவனைப் பாய் நிழலில் படுக்க வைத்திருக்கிறான். "என்னளா, செத்தவன் மாதிரி ஒப்பாரி வைக்க?" என்று சவரிமுத்து கேட்டதும் கரை முழுவதும் வெடித்துச் சிரித்தது. ரெஜினாவும் அழுதுகொண்டே சிரித்தாள். தொம்மை சிரிக்கவில்லை. கயிற்றுச் சுருளை மச்சானின் மடியில் வைத்தான். குதித்து இறங்கினான். தண்ணீரில் நின்ற அக்காளைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டான்.

அண்ணாச்சி மணலில் கிடந்த கலயத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு, "விபூதிப் புதன்கிழமையில இருந்து அவன் சொட்டுத் தொடல சார். மாதா கோயில்ல நேர்ந்துக்கிட்டான். ஊருக்கே தெரியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியோடு ரெஜினாவின் வீட்டுக்குப் போனேன். வாயில் போட்டதும் கரையும் இந்த ஊர்த் தின்பண்டத்தைக் கொழும்புக்கென்று எண்ணியிருந்தேன். சவரிமுத்து காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்டேன்.

ரெஜினா, "நீங்க பாத்ததச் சொன்னீய. நான் சொன்னதுக்கு நீங்க என்ன செய்வீய?" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்களுக்குப் பனங்கற்கண்டு போட்ட காப்பி கொடுத்தாள்.

காது ஆற நாலைந்து நாளாகும் என்றான் சவரிமுத்து. "ஆறின பொறவு எறங்கணும். யாரு கயித்தப் பிடிப்பா? அவன் மாட்டேங்கான்."

"உங்கள் அண்ணன் இருக்கிறார் என்றாரே அண்ணாச்சி?"

"நல்லாச் சொன்னீய. நான் போயிட்டா வள்ளத்துல உள்ள பங்கு அவனுக்குல்லா வரும். அண்ணன் நல்லவன்தான். இருந்தாலும் அடியில கெடக்கும்போது அந்த நெனப்பு வரக் கூடாது பாருங்க."

தொம்மை, பழுதுபார்க்கக் கரையேற்றிய ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றதும் நிமிர்ந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது.

"கண்ணாடி நல்லாத் தெரிஞ்சுதா சார்?"

தவறு என்னுடையது, அக்காள் என்னை நம்பிப் பேசிவிட்டாள் என்றேன்.

"உங்கள நம்பல. அவ மனசுல இருந்ததுதான் வந்துச்சு. இல்லன்னா 'அன்னைக்கே சொன்னேன்'னு வருமா?" சிறிது நேரம் மணலைக் கிளறினான். "நாலு வருசமாப் பிடிக்கேன். ஒரு நாள் கயிறு வழுக்கினதில்ல. இனிமே பிடிச்சா, கை கயித்த நெனைக்காது, அவ சொன்னதத்தான் நெனைக்கும். அது மச்சானுக்கு ஆவாது. நீங்க போங்க சார், வெயிலு."

அண்ணாச்சி, "ஏலே, சாரு அவ்வளவு தூரத்துல இருந்து வந்து கேக்காரு" என்றார். தொம்மை, "அவ்வளவு தூரத்துல இருந்து பாத்ததுதான அண்ணாச்சி வெனை" என்றான்.

ஏழு ஐம்பதை வாங்கினேன். வாங்காமல் திரும்பியிருந்தால் நான் யோக்கியன் என்று எனக்கே காட்டிக்கொண்டதாகும். நண்பர்கள் மூவருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. அண்ணாச்சி துணி சுற்றிக் கொடுத்தார். "நீங்க சொன்னதுதான் சரி சார், ஏழுதான் நல்லது" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். 26ஆம் தேதி, புதன்கிழமை, ஊரைவிட்டுப் புறப்பட்டேன்.

களப்புக் கரையில் அதை எல்லோரும் மெச்சுகிறார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தீர் என்று இராசரத்தினம் கேட்டபோது, கடற்கரையில் சோதித்தேன் என்று மட்டும் சொன்னேன். மேலே உள்ளதை அவரும் இப்போதுதான் படிக்கிறார்.

மார்ச் மாதம் அண்ணாச்சியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கயிறு விலை, மழை இல்லாதது ஆகியவற்றுக்கு நடுவில், "சவரிமுத்து மறுபடி குளிக்கப் போகிறான்" என்று ஒரு வரி. கயிற்றைப் பிடிப்பது யார் என்று கேட்டு இரண்டு முறை எழுதினேன். பதில் இல்லை. கொழும்புத் துறையில் சரக்கு இறக்க வந்த தூத்துக்குடித் தோணிக்காரர் ஒருவரை விசாரித்தேன். தொம்மைதான் பிடிக்கிறான், அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை, ஆனாலும் பிடிக்கிறான் என்றார். அடுத்த வாரம் வந்த இன்னொருவர், அப்படியில்லை, தொம்மை மூட்டை சுமக்கக் கொழும்புக்கே வந்துவிட்டான், இங்கேதான் எங்கோ இருக்கிறான் என்றார். இருவருமே நேரில் பார்த்துச் சொன்னவர்கள் அல்லர்.

துறைமுகத்துக்கு மூன்று முறை போய்விட்டேன். பைனாகுலரை எடுத்துப்போகவில்லை, கூலிக்காரர்களுக்கு இடையில் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவனைக் காணவில்லை. அதனால் அவன் ஊரில்தான் இருக்கிறான் என்று முடிவு கட்ட எனக்கு உரிமை இல்லை. சவரிமுத்து கடலில் இறங்குகிறான் என்பது வரை உறுதி. மேலே அவன் கயிறு யார் கையில் இருக்கிறது என்பது, இதை எழுதும் இன்றுவரை, எனக்கு நிச்சயமாகத் தெரியாது.